காலி பாட்டிலுக்குத் திருப்பித் தரும் பணம் யாருடையது?

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று சின்னக் கேள்விகள். காலி பாட்டிலையும் கேனையும் நசுக்கிக் கொண்டுபோகலாமா, மூடியைக் கழற்ற வேண்டுமா, பணம் தரும் இயந்திரம் சிலவற்றை மட்டும் ஏன் வெளியே தள்ளிவிடுகிறது? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கோபம் கடைசி வரியில்தான் இருக்கிறது: “வாசலிலேயே மறுசுழற்சித் தொட்டி இருக்கிறது. அதில் போடவிடாமல், என் பணத்தையே முதலில் பிடித்து வைத்துக்கொண்டு, பாட்டிலைச் சுமந்து வந்தால் திருப்பித் தருகிறேன் என்பது ஏமாற்று வேலை இல்லையா?” கேட்கவேண்டிய கேள்வி அதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாலிமர் தொழில்நுட்பம் படித்தவன். பிளாஸ்டிக் பாட்டில்களைக் கழுவி, நறுக்கி, மறுபடி மூலப்பொருளாக்கும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். பாட்டில் உங்கள் கையைவிட்டுப் போனபின் அதற்கு என்ன ஆகிறது என்பதை ஆகவே உறுதியோடு சொல்ல முடியும். பணம் எந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது, சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் தொழில் நிமித்தம் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்தப் பகுதியை அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், அது உங்கள் பணம்தான். பானம் வாங்கும்போது விலையோடு சேர்த்து ஒரு சிறு வைப்புத்தொகையையும் கட்டிவிடுகிறீர்கள். காலிக் கொள்கலனைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வருகிறது. யாரும் உங்களுக்குப் பரிசு தரவில்லை. “மறுசுழற்சி செய்து சம்பாதியுங்கள்” என்று விளம்பரம் செய்கிறவர்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. சம்பாத்தியம் என்று சொன்னால், “என் காசையே எனக்குக் கொடுத்துவிட்டுச் சம்பாத்தியம் என்கிறாயே” என்று எரிச்சல் வருவது நியாயம்தான். வாடகை வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தைக் காலி செய்யும்போது திரும்ப வாங்குவதை யாரும் வருமானம் என்று சொல்வதில்லை.

இதையும் காயலான் கடைக் கணக்கையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பழைய சாமான் வியாபாரி தருவது அந்தப் பொருளின் சந்தை விலை. அலுமினியம் விலை ஏறினால் கேனுக்கு அதிகம் தருவார். கண்ணாடிக்கு வாங்க ஆள் இல்லாவிட்டால், கொண்டுவராதே என்று சொல்லிவிடுவார். வைப்புத்தொகைக்கும் பொருளின் விலைக்கும் தொடர்பே இல்லை. ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திரும்பத் திரும்ப நிரப்பப்படும் சாதாரண பீர் பாட்டிலுக்கு வெறும் 8 சென்ட். உண்மையில் பீர் பாட்டில்தான் மதிப்பு மிக்கது. நன்றாகப் பராமரித்தால் அத்தகைய கண்ணாடி பாட்டிலை ஏறக்குறைய 50 முறை வரை கழுவி நிரப்பலாம். ஆனாலும் தொகை குறைவு. காரணம், அந்தத் தொகை பொருளுக்கான விலை அல்ல. நீங்கள் அதைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கவைப்பதற்கான விலை.

சரி, யோசிக்கவைத்து என்ன லாபம்? தொட்டியில் போட்டாலும் மறுசுழற்சிதானே? ஆலைக்குள் நின்று பார்த்தவர்கள் இந்த இடத்தில்தான் வேறுபடுவோம். தொட்டி வழியாக வரும் பாட்டிலும், திருப்பிக் கொடுத்து வரும் பாட்டிலும் ஒரே பாட்டிலாகவே இருந்தாலும், ஆலை வாசலில் அவை இரண்டு வெவ்வேறு சரக்கு.

பெட் என்று சொல்லப்படும் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். தண்ணீர், குளிர்பான பாட்டில்களில் பெரும்பாலானவை அதுதான். ஆலைக்கு வந்ததும் அவற்றை விரல் நகமளவு செதில்களாக நறுக்கி, சூடான காரநீரில் கழுவி, பிறகு ஒரு நீர்த்தொட்டியில் கொட்டுவோம். பெட்டின் அடர்த்தி தண்ணீரைவிட அதிகம், சுமார் 1.38 மடங்கு, மூழ்கிவிடும். மூடி செய்யப்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். நீலம், சிவப்பு, வெள்ளை என்று மூடிச் செதில்கள் மேலே ஒரு படலமாக ஓட, கீழே தெளிந்த பெட் படியும். அதுவரை அழகான வேலை. சிக்கல், பெட்டோடு சேர்ந்து மூழ்கும் பிற பொருள்களில் இருக்கிறது. பி.வி.சி. என்ற வேறொரு பிளாஸ்டிக்கும் மூழ்கும். பெட் உருகுவதற்கு 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிவிடும். கண்ணாடிபோல் இருக்கவேண்டிய பொருள் மஞ்சளடித்து, கரும்புள்ளிகளோடு, நொறுங்கும் தன்மையோடு வெளியே வரும். ஒரு மூட்டைக்கு மிகச் சிறிய அளவு பி.வி.சி. கலந்திருந்தாலே போதும், மொத்தச் சரக்கையும் கீழ்த்தர உபயோகத்துக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

கலப்புத் தொட்டியில் வந்த மூட்டையில் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. எண்ணெய் பாட்டில், துணி சோப்புத் திரவ பாட்டில், பூச்சிமருந்து இருந்த டப்பா, பாதி உணவோடு மூடிய பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மறுசுழற்சி செய்த பெட்டை மீண்டும் உணவு, பானப் பாட்டிலாக்கும் செயல்முறைகளை மதிப்பிடும்போது, உள்ளே வரும் சரக்கில் உணவு அல்லாத பொருள்களுக்குப் பயன்பட்டவை 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை வைத்துப் பார்க்கிறது. கலப்புத் தொட்டிச் சரக்கில் அதை எட்ட, விலையுயர்ந்த ஒளிக்கதிர் வகைபிரிப்பு இயந்திரங்கள் வேண்டும்; அப்போதும் நெருக்கடிதான். திருப்பிக் கொடுக்கும் முறையில் வரும் சரக்கு பிறக்கும்போதே அந்த வரம்புக்குள் இருக்கிறது, ஏனென்றால் உள்ளே நுழைவதே பான பாட்டில் மட்டும்தான். அது மறுபடி பாட்டிலாகிறது. மற்றது பெரும்பாலும் நூலிழையாகவோ கட்டு நாடாவாகவோ தட்டாகவோ மாறி, அடுத்த சுற்றுக்கு வராமல் போகிறது. உங்கள் பணத்தைப் பிடித்துவைத்து வாங்குவது இந்தச் சுத்தத்தைத்தான்.

கண்ணாடியில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். கலப்பு வண்டியில் ஏற்றி, அழுத்தி, கொட்டும்போது கண்ணாடி உடைந்து தூளாகி, காகிதத்துக்குள்ளும் அட்டைக்குள்ளும் புகுந்து அவற்றையும் கெடுக்கிறது. உடைந்த பச்சையும் பழுப்பும் வெள்ளையும் கலந்துவிட்டால் தெளிந்த கண்ணாடி செய்ய அது உதவாது. உள்ளே ஒரு பீங்கான் சில்லு இருந்தால் அது கண்ணாடி உலையில் உருகாமல் அப்படியே நின்று, புதுப் பாட்டிலின் சுவரில் கல்லாக உட்காரும். அந்த இடத்தில் பாட்டில் விரிசல் விடும். சுத்தமான, நிறம் பிரித்த உடைகண்ணாடியானால் கதையே வேறு. உலையில் அதன் பங்கை ஒவ்வொரு 10 சதவீதம் கூட்டும்போதும் எரிசக்தித் தேவை 2.5 முதல் 3 சதவீதம்வரை குறைகிறது.

அலுமினியம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய கேனை உருக்குவதற்கு ஏறத்தாழ 5 சதவீத எரிசக்திதான் வேண்டும். தொட்டியில் வந்தாலும், தெருவில் பொறுக்கப்பட்டு வந்தாலும், யாராவது அதை வாங்கிக்கொள்வார்கள். வைப்புத்தொகைத் திட்டம் இல்லாவிட்டாலும் ஓரளவுக்கு நிற்கக்கூடிய ஒரே பொருள் இதுதான்.

அடுத்து, இது உண்மையில் வேலை செய்கிறதா என்பது. மக்கள் திருப்பிக் கொடுக்கும் விகிதம் கூடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. லித்துவேனியா 2016 பிப்ரவரியில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது; தொகை 10 சென்ட். அதற்கு முன் பிளாஸ்டிக் பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதே மக்கள், அதே பாட்டில், அதே வாசல்தொட்டி. மாறியது 10 சென்ட் மட்டும்தான். ஜெர்மனியில் இந்த விகிதம் 98 சதவீதம் அளவில் இருக்கிறது.

தொகை சிறுத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் நல்ல பாடம். அந்நாட்டில் முதன்முதலாக 1971இல் இதற்குச் சட்டம் போட்டது அந்த மாநிலம்தான். தொகை 5 சென்ட். 1970களில் 5 சென்டுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பல பத்தாண்டுகள் கடந்தும் தொகை அப்படியே இருந்தது. விலைவாசி அதை அரித்துத் தின்றுவிட்டது. திரும்பும் விகிதம் 64 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தொகையைத் தானாகவே இரட்டிப்பாக்க வேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். அதன்படி 2017 ஏப்ரலில் அது 10 சென்ட் ஆனது. விகிதம் மறுபடி 80 சதவீதத்துக்கு மேல் ஏறியது. இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பிரிவு எல்லாச் சட்டத்திலும் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது.

தொகை மட்டும் போதுமா என்றால், போதாது. மிச்சிகன் மாநிலம் 1978இலிருந்தே 10 சென்ட் வாங்குகிறது. பல ஆண்டுகள் 90 சதவீதத்துக்கு மேல் திரும்பிய இடம் அது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் கடைகளில் திரும்ப வாங்குவது சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. விகிதம் 70 சதவீதச் சொச்சத்துக்கு இறங்கியது. தடை நீங்கிய பிறகும் பழைய உயரத்துக்கு ஏறவில்லை. கொடுக்கும் இடம் வழியிலேயே இருக்க வேண்டும், வரிசை நீளமாக இருக்கக் கூடாது, இயந்திரம் பழுதாகிக் கிடக்கக் கூடாது. இவை மூன்றும் இல்லாவிட்டால் 10 சென்டுக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். உங்கள் ஊரில் திருப்பிக் கொடுக்கும் இடம் அரைமணி நேரத் தொலைவில் இருந்தால், திட்டத்தைத் திட்டுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. திட்டத்தை அமைத்தவர்களின் குறை அது, உங்கள் சோம்பல் அல்ல.

இனி, ஏமாற்று வேலையா என்ற உங்கள் சந்தேகத்தை உண்மையில் எங்கே பொருத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். திருப்பி வாங்கப்பட்ட தொகையில் ஏமாற்று இருக்க வழியில்லை. யாரும் கேட்டு வராத தொகை எங்கே போகிறது என்று பாருங்கள். 100 பாட்டிலில் 20 திரும்பவில்லை என்றால் 20 பேருடைய பணம் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. மிச்சிகனில் அதில் 75 சதவீதம் அரசின் சுற்றுச்சூழல் துப்புரவு நிதிக்கும் 25 சதவீதம் கடைக்காரர்களுக்கும் போகிறது. நியூயார்க் மாநிலத்தில் 80 சதவீதத்தை அரசு எடுத்துக்கொள்கிறது. ஜெர்மனியில் அது பானத்தைச் சந்தைக்கு விடும் நிறுவனங்களிடமே தங்கிவிடுகிறது. நார்வேயில் திட்டத்தை நடத்தும் இன்ஃபினிடம் நிறுவனத்தின் செலவுக்கே பயன்படுகிறது.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. திரும்பாத பாட்டிலால் லாபம் அடைபவர் யாரோ, அவர் கையிலேயே திருப்பி வாங்கும் பொறுப்பும் இருந்தால், அவர் எதற்காக வரிசையைக் குறைக்கப் போகிறார்? நார்வே இதற்கு ஒரு கெட்டிக்கார வழி கண்டது. கொள்கலன்கள் மீது ஒரு சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பும் விகிதம் கூடக்கூட அந்த வரி குறையும். 95 சதவீதத்தை எட்டிவிட்டால் வரியே இல்லை. கேட்பாரற்ற சில்லறையைவிடத் தப்பிக்கும் வரி பெரிது என்பதால், நிறுவனங்களே பாட்டிலைத் துரத்தித் துரத்தி வாங்குகின்றன. உங்கள் பகுதித் திட்டம் நேர்மையானதா என்று தெரிய வேண்டுமானால், அதன் ஆண்டறிக்கையில் உரிமை கோரப்படாத தொகை என்ற பதிவைத் தேடுங்கள். அந்தப் பதிவே இல்லாத அறிக்கை என்றால் கேள்வி கேளுங்கள்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகள். நசுக்கலாமா? இயந்திரத்தில் போடுவதாக இருந்தால் நசுக்காதீர்கள். இயந்திரம் பாட்டிலை உள்ளே சுழற்றி பார்கோடைப் படிக்கிறது. கேமராவால் வடிவத்தைப் பார்க்கிறது. எடையைச் சோதித்து உள்ளே திரவம் மிச்சமிருக்கிறதா என்று அறிகிறது. எல்லாம் பொருந்தினால்தான் ஏற்கும். ஏற்ற உடனே அதுவே அதைச் சப்பையாக அழுத்திவிடும் அல்லது குத்திக் கிழித்துவிடும். இடம் மிச்சம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஒரே பாட்டிலுக்கு யாரும் இரண்டாம் முறை பணம் வாங்கக் கூடாது என்பது. நசுங்கியிருப்பது பணம் கொடுத்தாகிவிட்டது என்பதற்கான முத்திரை. அந்த முத்திரையை நீங்களே வீட்டில் குத்திக்கொண்டு போனால் இயந்திரம் எப்படி நம்பும்? எடைபோட்டுப் பணம் தரும் இடங்களில் மட்டும் நசுக்கியதும் செல்லும். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான மையங்கள் எடைக்கணக்கில்தான் தருகின்றன. ஆனால் ஒவ்வொரு வகையிலும் 50 வரை எண்ணித் தரும்படி கேட்கும் உரிமை அங்கே வாடிக்கையாளருக்கு உண்டு. கொஞ்சமாகக் கொண்டுபோகிறவர்கள் எண்ணச் சொல்வதே நல்லது. எடைக்கான விகிதம் சராசரியை வைத்துப் போட்டது. லேசான பாட்டில் வைத்திருப்பவருக்கு அதில் நஷ்டம்.

மூடி? மேலே சொன்ன நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி மிதந்து தனியே போய்விடும் என்பதால் ஆலைக்கு அதில் தொல்லை இல்லை. தனியே விற்பனையும் ஆகும். பாட்டிலோடு வராத மூடிதான் தொல்லை, அது சாக்கடையில் போய்ச் சேரும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையிலிருந்து மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குடிக்கும்போது மூக்கில் இடிக்கிறது என்று எரிச்சல்படுகிறவர்கள் பலர். எனக்கும் பிடிக்கவில்லைதான், ஆனால் காரணம் சரியானது. சில மையங்களில் மூடியைக் கழற்றித் தரச் சொல்வார்கள். மூடி இறுக்கிய பாட்டிலில் காற்று அடைபட்டிருந்தால் அழுத்தும்போது படாரென்று வெடிக்கும், உள்ளே மீதமிருக்கும் பானம் தெறிக்கும் என்பதுதான் காரணம். உங்கள் பகுதி மையத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறார்களோ அதன்படி செய்யுங்கள். லேபிளை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கிழிக்காதீர்கள். பார்கோடு போனால் பணம் போயிற்று. உள்ளே ஒரு முறை தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். சோப்புப் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வெந்நீர் வீண்.

இயந்திரம் துப்பிவிடுவதற்கு நான் சொல்லக்கூடிய முதல் காரணம் பழுதல்ல, சட்டம். எந்தக் கொள்கலன் திட்டத்துக்குள் வரும் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது அறிவியலைவிட வரலாற்றையும் அரசியலையும்தான் அதிகம் பின்பற்றுகிறது. மிச்சிகனில் குமிழியிட்ட குளிர்பானத்தின் பாட்டிலுக்குப் பணம் உண்டு, அதே அளவு சாதாரணத் தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை. 1976இல் அந்தச் சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தபோது தண்ணீரை பாட்டிலில் வாங்கிக் குடிப்பது பெரிய வழக்கமாக இல்லை. ஆஸ்திரேலிய மாநிலங்களில் பொதுவாக 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பான கொள்கலன்களுக்குத்தான் 10 சென்ட். சாதாரணப் பால் பாட்டிலுக்கு இல்லை. தெருவில் வீசப்படும் பானங்களைக் குறிவைத்து எழுதிய சட்டம் என்பதால், வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும் பாலை விட்டுவிட்டார்கள். அயர்லாந்தில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலும் கேனும் உண்டு, கண்ணாடி இல்லை. ஜெர்மனியில் 2022 வரை பழச்சாறு பாட்டில்கள் பல வெளியே நின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் பால் 2024இல்தான் உள்ளே வந்தது. ஆக, உங்கள் பாட்டில் நல்ல பாட்டிலாக இருந்தும் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது காரணம், அது வேறு எல்லைக்குள் வாங்கப்பட்டதாக இருக்கலாம். வைப்புத்தொகை கட்டாத பாட்டிலுக்குப் பணம் கொடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். அதனால் ஜெர்மனியில் கொள்கலன்மீது அச்சிடும் சின்னத்துக்கே தனி மை வைத்திருக்கிறார்கள். இயந்திரம் அதை ஒளியால் சோதிக்கிறது, நகலெடுத்தால் பிடிபடும். மிச்சிகனில் தொகை கட்டாத கொள்கலன்களைத் தெரிந்தே வெளியிலிருந்து கொண்டுவந்து பணம் கேட்பது குற்றம். மூன்றாவது காரணம் மிக எளிது: பார்கோடு சுருங்கியிருக்கும், ஈரமாக இருக்கும், அல்லது அடியில் இரண்டு விரற்கடை பானம் மிச்சமிருக்கும். துடைத்து, வடித்து, அடிப்பகுதி முதலில் போகும்படி மறுபடி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த இயந்திரத்தை 1972இல் நார்வேயில் பிளாங்கே சகோதரர்கள் உருவாக்கினார்கள். அப்போது தொடங்கிய டோம்ரா நிறுவனம் இன்றும் இந்தத் துறையில் முன்னணியில் இருக்கிறது.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உறுதியில்லாதவையும் இருக்கின்றன, இந்தத் திட்டங்களை விரும்புகிற எங்களைப் போன்றவர்கள் அவற்றைப் பேசுவதில்லை. முதலாவது, காரை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு பயணம் போய் ஒரு பை பாட்டில் கொடுத்துவிட்டு வருவதில் சுற்றுச்சூழலுக்கு மிஞ்சுவது என்ன? தூரம், வண்டி, பையின் அளவு மூன்றையும் பொறுத்து விடை மாறும். எப்படியும் போகும் வழியில் கொடுத்தால் லாபம் என்பது மட்டும் தெளிவு. இரண்டாவது, வாசல்தொட்டியில் காசு தருவது அலுமினியம்தான். அதைத் திட்டம் உறிஞ்சிக்கொண்டால் நகராட்சிக்கு விற்க மிச்சம் நிற்பது நஷ்டச் சரக்கு மட்டும். கண்ணாடியும் குப்பையும் குறைவதால் நகராட்சிக்கு மிச்சமாகும் செலவு இந்த இழப்பை ஈடுகட்டும் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். கணக்குப் போடுகிறவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தப் பக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஜெர்மனியில் இந்தத் திட்டம் வந்ததன் நோக்கமே வேறு. மறுபடி நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒருமுறைப் பாட்டில்கள்மீது வைப்புத்தொகை விதிக்கப்படும் என்று 1991இல் ஒரு விதி செய்தார்கள். பங்கு விழுந்தது, 2003இல் வைப்புத்தொகை வந்தது. மறுநிரப்பல் காப்பாற்றப்படும் என்று நம்பினார்கள். நடந்தது தலைகீழ். ஒருமுறைப் பாட்டிலையும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆனபின், இரண்டுக்கும் வித்தியாசம் வாங்குகிறவர் கண்ணில் மறைந்துவிட்டது. மறுநிரப்பலின் பங்கு தொடர்ந்து சரிந்து இன்று பாதிக்கும் கீழே நிற்கிறது. 98 சதவீதம் திரும்புகிறது என்று பெருமைப்படும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். திருப்பிக் கொடுப்பது பாட்டிலைத் திரும்ப வரவழைக்கும். பாட்டில்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்தத் திட்டங்கள் பணக்கார நாடுகளுக்கே உரியவை என்று உங்கள் கேள்வியின் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. அது சரியல்ல. நீலகிரி மாவட்டத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து 2022 மே மாதம் டாஸ்மாக் மதுக்கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை வந்தது. காட்டில் வீசப்படும் பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் வழக்கின் மையம். யானையின் பாதம் பார்க்க முரடாக இருந்தாலும், கண்ணாடிச் சில் ஏறினால் புண் உள்ளுக்குள் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்ததால் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக விரிந்தது. அங்கே இயந்திரம் எதுவும் இல்லை. ஸ்டிக்கரும் கடை ஊழியரின் கையும்தான். வேலைப்பளு எங்கள்மேல் விழுகிறது, சேர்த்துவைக்க இடமில்லை என்று ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தப் புகாரை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கில் ஒவ்வொரு கொள்கலனுக்கும் கையாளும் கட்டணமாக 3.5 சென்ட் கடைக்காரருக்கும் மையத்துக்கும் கிடைப்பது இதற்காகத்தான். வாங்கி வைக்கிறவரின் உழைப்புக்குக் கூலி வைக்காத திட்டம் நீண்ட நாள் ஓடாது.

வேறொருவரும் இதில் இருக்கிறார். நீங்கள் சலித்துக்கொண்டு குப்பையில் போட்டுவிட்ட பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பணம் வாங்குகிறவர். ஜெர்மன் நகரங்களில் முதியவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவ வேண்டாம் என்று பாட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் அங்கே பரவியிருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ‘ஷ்யூர் வி கேன்’ என்ற லாபநோக்கற்ற மையம் இப்படிச் சேகரிப்பவர்களுக்காகவே நடக்கிறது. பாட்டிலைச் சுமக்க நேரமில்லை, பணமும் பெரிதில்லை என்றால், இயந்திரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். தனிப் பையில் கட்டி, கண்ணில் படும்படி தொட்டிக்கு வெளியே வையுங்கள். பாட்டில் சேரவேண்டிய இடத்துக்கே போகும், தொகை தேவைப்படும் ஒருவருக்குக் கிடைக்கும். கண்ணாடியை மட்டும் அப்படி வைக்காதீர்கள். யாராவது காலால் தட்டினால் உடைந்து சிதறும்.

பட்டியலில் வராத கொள்கலன்களை, அதாவது பால் டப்பா, மருந்துச் சீசா, எண்ணெய் பாட்டில் போன்றவற்றை, திருப்பிக் கொடுக்கும் பையில் சேர்க்காமல் வாசல்தொட்டியிலேயே போடுங்கள். இயந்திரம் மறுத்ததை அங்கேயே ஓரமாக வைத்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. கையால் எண்ணி வாங்கும் மையமாக இருந்தால் அதுவும் நல்ல சரக்கோடு மூட்டையில் சேர்ந்துவிட வாய்ப்பு உண்டு. அதைத் திரும்பப் பொறுக்கி எடுக்கும் வேலை எங்களைப் போன்ற ஆலைக்காரர்கள் தலையில் வந்து விழும்.